கண்மாய்க் கணக்கில் ஒரு கடல் எல்லை

கடல் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் ராஜபாளையத்துக்காரர்கள் திருச்செந்தூர் பஸ் ஏறுவார்கள். சாமி கும்பிட்டு, கால் நனைத்து, பாதி மணலைச் செருப்பில் சுமந்துகொண்டு இருட்டுவதற்குள் ஊர் திரும்பிவிடுவார்கள். அறுபத்தோரு வயது வரைக்கும் எனக்கும் கடலுக்கும் அவ்வளவுதான் பழக்கம். நான் பிர்கா சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். வயல், கிணறு, ஓடை, கண்மாய், இவற்றுக்கு வெளியே எனக்கு உலகம் கிடையாது. அப்பேர்ப்பட்ட நான் ஒரு தீவு நாட்டுக்குப் போய், கடலில் எல்லை எங்கே என்று அங்கே ஒரு நீதிபதிக்குச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அடக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். அடக்கம் வரமாட்டேன் என்கிறது.

போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். தளவாய்புரத்தில் இருக்கும் என் அக்கா சீனியம்மாவுக்கு ஒரே மகன், மாரிச்சாமி. டீசல் பம்புசெட் மெக்கானிக். கிணற்றுக்குக் கிணறு கரண்டு மோட்டார் வந்த பிறகு அவனுக்கு வேலை குறைந்துபோனது. ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகு ஒன்றில் இன்ஜின் பார்க்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, நான்தான் ஆள் பிடித்து அவனை அனுப்பிவைத்தேன். அந்தப் படகு சூரை மீனை விரட்டிக்கொண்டு போய் அடுத்த நாட்டுக் கடலில் மாட்டிக்கொண்டது. ஒன்பது பேரையும் பிடித்து வைத்துவிட்டார்கள். அந்த நாட்டின் பெயரை எழுத வேண்டாம் என்று அங்கே வழக்கு நடத்திய வக்கீலம்மா கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

என் அக்கா என்னைப் பிறந்த நாளிலிருந்து "ஏலே" என்றுதான் கூப்பிடுவாள். தாசில்தார் பக்கத்தில் நிற்கும்போதும் அப்படித்தான். செய்தி வந்த அன்றைக்கு அது நின்றுபோனது. அவள் வீட்டு வாசலில் நான் நிற்கிறேன், அவள் என் முகத்தைப் பார்க்காமல் மருமகளைப் பார்த்துச் சொன்னாள்:

"அவியகிட்ட சொல்லு தாயி. எம் புள்ளையக் கூட்டிட்டு வராம இந்த வாசப்படிய அவிய மிதிக்கக் கூடாது."

எங்கள் பக்கத்தில் அக்கா தம்பிக்கு மரியாதை கொடுக்க ஆரம்பித்துவிட்டால் உறவு அற்றுப்போனது என்று அர்த்தம். நாற்பது நாள் அந்த மரியாதையைத் தாங்கினேன். அதற்கு மேல் முடியவில்லை.

கிளம்புவதற்கு முன் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போய், எனக்குத் தெரிந்த வக்கீல்களிடம் கேட்டுப் பார்த்தேன். பாகப் பிரிவினை, வரப்புத் தகராறு என்றால் தூக்கத்தில் எழுப்பினாலும் பதில் சொல்லும் ஆட்கள். கடல் என்றதும் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டார்கள். "கடலுக்கு ஏது அண்ணாச்சி பட்டா?" என்றார் ஒருவர். சிரிப்போடு சிரிப்பாக, வக்கீலம்மாவுக்குக் கொடுங்கள் என்று இரண்டு கிலோ பால்கோவா வாங்கிக் கையில் திணித்து அனுப்பினார்கள்.

விமான நிலையத்தில் என் பையைத் திறந்து பார்த்த பெண் அதிகாரி, உள்ளே இருந்த இரும்பு முளைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். அளக்கிற இடத்தில் அடித்து வைக்கும் முளைகள். முப்பது வருஷமாக அவை இல்லாமல் நான் எந்த இடத்துக்கும் அளக்கப் போனதில்லை, அதனால் பழக்கதோஷத்தில் எடுத்து வந்துவிட்டேன். எதற்கு என்று கேட்டார். கடலை அளக்க என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முளைகளைக் கூடையில் போட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

முதல் நாள், போய் இறங்கிய இடத்தில் சுங்கக்காரர் பால்கோவாவை முகர்ந்து பார்த்தார். என்ன இது என்றார். பாலும் சீனியும் என்றேன். நம்பாமல் விரல் நுனியால் எடுத்து வாயில் வைத்தார். பிறகு பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். வெளியே வரும்போது ஒரு பெட்டி பாதியாகியிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு விசா தேவையில்லை என்று தெரிந்துகொண்டேன்.

அந்த ஊர் பஸ்ஸில் யார் கைகாட்டினாலும் நிறுத்துகிறார்கள். நம்மூர் மினி பஸ்ஸாவது கொஞ்சம் யோசிக்கும். நடுவில் ஏறிய ஒரு பெண், கையிலிருந்த பெரிய மீனை வாழையிலையோடு என் மடியில் வைத்துவிட்டு, சில்லறை தேட ஆரம்பித்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தேடி முடிக்க நான்கு நிறுத்தங்கள் ஆயின. இறங்கும்போது, "நன்றி, தாத்தா" என்று அவர்கள் பாஷையில் சொன்னதாகப் பக்கத்து சீட்டுக்காரர் ஆங்கிலத்தில் எனக்கு விளக்கினார். தாத்தா என்றது எனக்குப் பிடிக்கவில்லை. வேட்டியெல்லாம் மீன் வாடை.

வக்கீலம்மா பெயர் ரோசலின். படகு முதலாளி அமர்த்தியவர். ஐந்து தலைமுறைக்கு முன் தோட்ட வேலைக்குப் போன தமிழ்க் குடும்பம், தமிழைத் தட்டுத் தடுமாறிப் பேசுவார். நேரே துறைமுகத்துக்கு அழைத்துப் போனார். துறைமுகச் சுவரில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தங்கள் நாட்டின் படத்தை வரைந்து வைத்திருந்தார்கள். நிலம் ஏழெட்டுப் புள்ளி, மிச்சமெல்லாம் நீலம். "எங்களுக்குக் காணி இல்லை. கடல்தான் எங்கள் காணி. அதைக் காப்பாற்றுவதுதான் இங்கே எந்த அரசாங்கம் வந்தாலும் முதல் கொள்கை" என்றார். ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். எங்கள் பக்கத்தில் கண் முன்னால் கண்மாயைச் சுருட்டிக்கொண்டு போகிறார்கள், கேட்க நாதியில்லை. இவர்கள் கண்ணுக்கெட்டாத தண்ணீருக்குக் காவல் போட்டிருக்கிறார்கள்.

அங்கே ஒரு கட்டடத்தில் ஒன்பது பேரையும் வைத்திருந்தார்கள். சாப்பாட்டுக்குக் குறையில்லை என்றார்கள். ஆனாலும் மாரிச்சாமி பாதியாக இளைத்திருந்தான். கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்:

"மாமா, அம்மா ஒங்ககிட்ட பேசுதாளா?"

"பேசாம என்ன. நல்லா மரியாதையாப் பேசுதா" என்றேன். அவன் புரிந்துகொண்டு தலையைக் குனிந்தான்.

வழக்கு இதுதான். உலக நாடுகள் சேர்ந்து எழுதிய கடல் சட்ட ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. கரையிலிருந்து பன்னிரண்டு கடல் மைல் வரை ஒரு நாட்டுக்கு வீட்டு முற்றம் மாதிரி. அதற்குள் புகுந்து மீன் பிடித்தால் சிறையில் போடலாம். பன்னிரண்டைத் தாண்டி இருநூறு வரை வயல் மாதிரி. அங்கேயும் மீன் அவர்களுக்குத்தான் சொந்தம், கேட்காமல் பிடித்தால் தண்டம் போடலாம். ஆனால் தனியாக உடன்பாடு இல்லாத வேற்று நாட்டுக்காரனை அதற்காகச் சிறையில் போட முடியாது. நம் ஆட்கள் பிடித்தது தப்புதான், அதில் நான் வாதாடப் போவதில்லை. முற்றத்திலா வயலிலா என்பதுதான் கேள்வி. முற்றம் என்றால் இரண்டு வருஷம் உள்ளே. வயல் என்றால் வீடு.

இரண்டாம் நாள் நான் ஒரு காரியம் செய்தேன். படகைப் பிடித்த இடத்துக்கும் கரைக்கும் எவ்வளவு தூரம் என்று ஒரு வரைபடம் போட வேண்டியிருந்தது. அரசாங்க சர்வேயர் கையோடு இருக்கும்போது வேறு யார் எதற்கு என்று ரோசலின் என்னிடமே கொடுத்துவிட்டார். நான் கடற்கரையில் நடந்து பார்த்தேன். தண்ணீர் ஏறி நின்ற இடத்தில் காய்ந்த கடற்பாசி வரிசையாகக் கிடந்தது. அதுதான் எல்லை என்று அங்கிருந்து கணக்குப் போட்டேன். எங்கள் தொழிலில் அப்படித்தான். கண்மாய் நிரம்பி உபரித் தண்ணீர் வெளியேறுவதை மறுகால் பாய்வது என்போம். மறுகால் பாயும்போது தண்ணீர் எங்கே நிற்கிறதோ, அதுதான் கண்மாய்க்கு எல்லை. கோடையில் வற்றிக் கிடக்கும்போது அளப்பவன் சர்வேயரே இல்லை.

மூன்றாம் நாள் கோர்ட்டில் மானம் போனது. அரசுத் தரப்பு வக்கீல் வாட்டசாட்டமான இளைஞர். என் வரைபடத்தைத் தூக்கிக் காட்டி, "இது கடல் ஏறி நிற்கும் கோட்டிலிருந்து அளந்தது. சட்டம் கடல் வடிந்து நிற்கும் கோட்டிலிருந்து அளக்கச் சொல்கிறது. இங்கே இரண்டுக்கும் நடுவில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் பாறைத் திட்டு கிடக்கிறது" என்றார். கோர்ட்டே சிரித்தது. ரோசலின் முகம் சிவந்துவிட்டது. கைதிகள் பெஞ்சிலிருந்து மாரிச்சாமி மெதுவாகக் கேட்டது என் காதில் விழுந்தது.

"மாமா, நம்மூர்க் கணக்குல அளந்துட்டியளா?"

பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

இளைஞர் அதோடு விடவில்லை. திருத்தி அளந்தாலும் படகு பெரிய தீவிலிருந்து பன்னிரண்டு மைலுக்கு வெளியேதான் இருந்தது என்பதை அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் அந்த வழியில் கரையிலிருந்து பதின்மூன்று மைலுக்கு அப்பால் தனியாக ஒரு பாறை இருக்கிறதாம். அதுவும் தங்கள் நாட்டு நிலம், நிலம் என்றால் அதைச் சுற்றியும் பன்னிரண்டு மைல் முற்றம் உண்டு, படகு அந்தப் பாறையிலிருந்து நான்கே மைலில் பிடிபட்டது என்றார். பாறையின் போட்டோவையும் கொடுத்தார். நான்கு யானை படுத்திருக்கிற மாதிரி கன்னங்கரேலென்று கிடந்தது. இரண்டு வருஷம் உறுதி என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் துறைமுகத்துக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தேன். ஈரப்பலாக்காயைத் தேங்காய்ப் பாலில் வேகவைத்து, மேலே சூரை மீன் குழம்பு ஊற்றிக் கொடுத்தார்கள். காரம் என்று ஒரு பொருள் இருப்பதே அந்த ஊருக்குத் தெரியாது. ஊரில் அக்கா வைக்கிற மீன் குழம்பை நினைத்துக்கொண்டேன், அதோடு சாப்பாடு இறங்கவில்லை. பக்கத்து மேசையில் இரண்டு மீனவர்கள் அந்த வழக்கைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் எனக்காக ஆங்கிலத்தில் சொன்னார்.

"அந்தப் பாறையிலதான் தன் அண்ணன் படகு மோதி உடைஞ்சதுன்னு சொல்றான். அது வெளியே தெரிஞ்சிருந்தா அண்ணன் மோதியிருப்பானா, அவன் என்ன குருடனான்னு கேக்கிறான்."

சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு ரோசலின் வீட்டுக்கு ஆட்டோ பிடித்தேன். போட்டோ எந்த நேரத்தில் எடுத்தது என்று பார்க்கச் சொன்னேன். அதில் தேதியும் மணியும் அச்சாகியிருந்தன. துறைமுகத்தில் விற்கும் கடல் ஏற்ற இறக்க அட்டவணையை எடுத்து ஒத்துப் பார்த்தார். அந்த மாதத்திலேயே கடல் மிக அதிகமாக வடிந்திருந்த நேரம். சட்டப் புத்தகத்தை எடுத்து வேகமாகப் புரட்டினார். தீவு என்றால் கடல் ஏறி நிற்கும்போதும் தண்ணீருக்கு மேலே தெரிகிற, இயற்கையாக உண்டான நிலம். வடியும்போது மட்டும் தலைகாட்டுவது தீவாகாது. அது கரையிலிருந்து பன்னிரண்டு மைலுக்கு அப்பால் இருந்தால் அதற்கென்று முற்றமும் கிடையாது.

அவர் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் நான் எழுந்து நின்றுவிட்டேன். அதாவது, கரையை அளக்க வடிந்த தண்ணீர், தீவா என்று பார்க்க நிறைந்த தண்ணீர். காலையில் கோர்ட்டே சிரித்த என் மறுகால் கணக்கு சாயங்காலம் சட்டப் புத்தகத்தில் அச்சாகிக் கிடக்கிறது.

"எங்க ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுல இதுக்குக் கமிஷன் போடுவாங்கம்மா. வாய்ல பேசிட்டு இருக்கதுக்குப் பதிலா, எடத்துக்கே போயிப் பாத்து எழுதிட்டு வருவாங்க. நீங்களும் கேளுங்க. தண்ணி நெறஞ்சிருக்க நேரமாப் பாத்துக் கேளுங்க" என்றேன்.

நான்காம் நாள் கேட்டார். நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே யோசித்தார். நானே வருகிறேன் என்று சொல்லிவிட்டார். அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் ஊரில் ஒரு வேலையும் நடக்காது. நான் அறையில் உட்கார்ந்து, ரோசலினுக்குக் கொடுத்தது போக மிச்சமிருந்த பால்கோவாவைத் தின்றேன்.

ஆறாம் நாள் காலையில் அரசாங்கப் படகில் கிளம்பினோம். நீதிபதி, அவருடைய எழுத்தர், இரண்டு தரப்பு வக்கீல்கள், காவலர்கள், படகு பிடிபட்ட இடத்தைக் காட்டுவதற்காக மாரிச்சாமி, பிறகு நான். பதினொரு மணிக்குக் கடல் உச்சத்துக்கு ஏறும், அதற்குள் போய்ச் சேர வேண்டும். முதல் அரை மணி நேரத்தில் முந்தின நாள் பால்கோவா முழுவதையும் நான் கடலுக்குக் கொடுத்துவிட்டேன். நீதிபதி தன் கைக்குட்டையை எனக்குக் கொடுத்தார்.

பாதி வழியில் இன்ஜின் இருமியது. இன்னொரு தரம் இருமிவிட்டு நின்றுபோனது. படகோட்டி ஸ்டார்ட் செய்து செய்து பார்த்தார், பிடிக்கவில்லை. இன்னொரு படகைக் கரையிலிருந்து வரவழைக்கலாம், வருவதற்குள் மதியமாகிவிடும் என்றார்கள். மதியம் தண்ணீர் இறங்க ஆரம்பித்துவிடும். ரோசலின் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வாந்தி நின்றுபோய்ப் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

மாரிச்சாமி காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். "ஏர் பிடிச்சிருக்கு மாமா. செத்த நேரம் எறங்கிப் பாக்கட்டுமான்னு கேளுங்க."

கேட்டோம். காவலர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அரசுத் தரப்பு இளைஞர் நீதிபதியைப் பார்த்தார். நீதிபதி தலையசைத்தார். மாரிச்சாமி சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் கீழே இறங்கினான். டீசல் குழாயின் மூட்டைத் தளர்த்தி, வாயை வைத்து உறிஞ்சி, டீசலைத் துப்பி, மறுபடியும் உறிஞ்சி, காற்றுக் குமிழ் நின்று டீசல் மட்டும் வரும்வரைக்கும் விடவில்லை. கிணற்று மேட்டில் பம்புசெட்டுக்கு அவன் செய்கிற அதே வைத்தியம். கால் மணி நேரத்தில் இன்ஜின் ஒரே பிடியில் பிடித்துக்கொண்டது. தன்னைச் சிறைக்கு அனுப்பக் கேட்கிற அரசாங்கத்தின் படகை ரிப்பேர் பண்ணிவிட்டு, வாயெல்லாம் டீசலோடு மேலே ஏறி வந்து, கைதி உட்கார வேண்டிய இடத்தில் ஒழுங்காக உட்கார்ந்துகொண்டான். என் மருமகன் என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்லியும் விட்டேன், தமிழில்.

பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பாறை இருக்க வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். சுற்றிலும் தண்ணீர். யானையும் இல்லை, யானைக் குட்டியும் இல்லை. சிவப்பும் வெள்ளையுமாகப் பெயின்ட் அடித்த ஓர் இரும்புக் கம்பம் மட்டும், உச்சியில் விளக்கோடு தண்ணீருக்கு மேலே நின்றது. சாப்பாட்டுக் கடையில் பார்த்த மீனவரின் அண்ணன் படகு உடைந்த பிறகு, கப்பல்களுக்கு அடையாளமாகப் பாறையில் நட்டார்களாம்.

இளைஞர் விடுவதாக இல்லை. "இதோ மேலே தெரிகிறதே. எங்கள் கம்பம், எங்கள் விளக்கு" என்றார். ரோசலின் ஏதோ பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நீதிபதி என் பக்கம் திரும்பி, நீர்நிலை அளந்து பழக்கப்பட்டவர் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார். முந்தின வாரம் கோர்ட்டே சிரித்த ஆளைப் பார்த்துக் கேட்டார். நான் தமிழில் சொல்லச் சொல்ல, ரோசலின் மாற்றிச் சொன்னார்.

"எங்க பக்கம் கோடையில கண்மா வத்துனதும் சில பேரு உள்ள போயி கல்லு நட்டு வச்சிட்டு, எங்க எடம்பாங்கய்யா. பொறவு மழை பேஞ்சு கண்மா நெறஞ்சதும் கல்லு மட்டும் வெளிய தெரியும். கல்லு தெரியுதுங்கிறதுக்காக அது நெலம் ஆயிராது. கல்லு மனுசன் நட்டது. அடியில இருக்கிறது கண்மாதான்."

"அந்தக் கல்லை என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார் நீதிபதி.

"புடுங்கிப் போடுவோம். நானே புடுங்கியிருக்கேன்."

பிடுங்கியதைவிடப் பிடுங்க முடியாமல் திரும்பி வந்ததுதான் அதிகம் என்பதை நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. எழுத்தரை விட்டுக் கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு நீளக் கழியை இறக்கச் சொன்னார். கழி தட்டுப்பட்ட இடத்தில் தண்ணீர் ஓர் ஆள் இடுப்பளவு இருந்தது. எழுதிக்கொள்ளுங்கள் என்றார். இளைஞரும் அதில் கையெழுத்துப் போட்டார்.

ஏழாம் நாள் தீர்ப்பு. அந்தப் பாறை தீவல்ல. படகு பிடிபட்ட இடம் முற்றமல்ல, வயல். அனுமதியில்லாமல் மீன் பிடித்தது குற்றம், அதற்குப் படகு முதலாளி தண்டம் கட்ட வேண்டும். ஆட்களைச் சிறையில் வைக்கச் சட்டம் இடம் தரவில்லை, ஊருக்கு அனுப்புங்கள் என்று வாசித்தார். கைப்பிடி அளவு நாடு, கடலை விட்டால் வேறு சொத்து இல்லாத நாடு. அந்த நாட்டு நீதிபதி ஒருவர் தன் அரசாங்கத்தைப் பார்த்து இது நம்முடையதல்ல என்று சொன்னதையும் நான் பெருமையோடுதான் எழுதுகிறேன். ஒன்பது பேரும் அழுதார்கள். வெளியே வந்ததும் அந்த இளைஞர் மாரிச்சாமியிடம் வந்து, படகில் மறுபடியும் காற்று பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று விவரமாகக் கேட்டுக்கொண்டார். இவன் கையைக் காலை ஆட்டிச் சொல்லிக்கொடுத்தான்.

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் நாங்கள் இறங்கும்போது விடிந்திருந்தது. தளவாய்புரம் போய்ச் சேர்வதற்குள் தெருவே திரண்டுவிட்டது. மாரிச்சாமி ஓடினான். அக்கா அவன் முகத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தாள், மருமகள் அழுதாள், எல்லாரும் உள்ளே போனார்கள். நான் பையை வைத்துக்கொண்டு வாசலுக்கு வெளியிலேயே நின்றேன். அவள் போட்ட தடை நீங்கிவிட்டது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கால் நகரவில்லை. ஒரு நாட்டுக்கே எல்லை சொல்லிவிட்டு வந்தவனுக்கு, அக்கா வீட்டு வாசலில் தன் எல்லை எது என்று தெரியவில்லை.

உள்ளே போனவள் திரும்பி வந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏலே, எதுக்குலே எல்லைக்கல்லு மாதிரி அங்கனயே நிக்கே? உள்ள வாலே."